சார்செலில் வேட்டி கட்டிய பீர்

சார்செல், பாரிஸ் புறநகர்

அன்புள்ள மாமாவுக்கு,

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய நம் தெரு சொல்தா தாத்தாவின் பேரன் இங்கே என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். வேலைக்குப் போகிறார், வரி கட்டுகிறார், மிச்ச நேரமெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய்க்குக் காய்ச்சல் பார்க்கிறார்.

வீட்டிலேயே பீர் போடுகிறார் மாமா! சொந்தக் குடிக்கு இங்கே தடையில்லை. விற்கப் போனால்தான் வம்பு. நாகப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊரில் பிறந்தவருக்கு ஏன் இந்தத் தலையெழுத்து என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது.

அதைவிட வேடிக்கை, குளிர் நாட்டில் உட்கார்ந்து அவர் குளிரூட்டும் கருவி செய்வது. குற்றவாளி ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடும்போது கூடவே சூட்டையும் கிளப்புகிறது. நுரை பொங்கும் நாட்களில் இருபது லிட்டர் பீப்பாய் அறையைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். ஏல் வகை பீருக்கு 18 முதல் 20 டிகிரி சுகம். லாகருக்கு 10 டிகிரி பக்கம். மீறினால் முதலில் வாழைப்பழ வாசனை, அப்புறம் நாக்கைச் சுடும் கனத்த ஆல்கஹால்கள். இந்தப் பாரிஸிலோ 2019 ஜூலை 25 அன்று வெயில் 42.6 டிகிரி. பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. கிடையாது.

இது பழைய வியாதிதான். கோடையில் பீர் கெடுகிறது என்று பவேரியாவில் 1553இல் சட்டமே போட்டார்கள்: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம். 1870களில் கார்ல் லிண்டே மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலைக்குக் குளிர்பதன இயந்திரம் செய்துகொடுத்த பிறகே நிலைமை மாறியது. வீட்டு ஃபிரிட்ஜின் பூர்வீகத்தில் பீர் ஆலை இருக்கிறது என்பதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். மோர்க்குழம்பு வெளியே வந்துவிடும்.

நம்மவர் முதலில் கையில் எடுத்தது லிண்டேயின் வழியை அல்ல, மண்பானையின் உத்தியை. குழந்தை குளிக்கும் டப்பில் பீப்பாயை நிறுத்தி, கால்வாசி தண்ணீர் ஊற்றி, நாலு முழ வேட்டியை நனைத்துச் சுற்றி, நுனியைத் தண்ணீரில் தொங்கவிட்டு, எதிரே டேபிள் ஃபேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அறைக் காற்று பாதியைத் திருப்பிக் கொடுத்தாலும் சில டிகிரி இறங்கிவிடும். வெயில் முற்றினால் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை டப்பில் மிதக்கவிடுவார். ஃப்ரீசரில் மீனுக்கு இடமில்லாமல் போனதும் வீட்டம்மா ஒருநாள் பேசினார்கள். மறுநாளே பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வந்தது.

இப்போது அதற்கு ஒரு தெர்மோஸ்டாட் ப்ளக். உணரியைப் பீப்பாயின் மேல் ஒட்டிப் பஞ்சால் மூடியிருக்கிறார். இல்லாவிட்டால் அது பீரை விட்டுவிட்டுக் காற்றின் சூட்டைச் சொல்லும். கம்ப்ரசர் அடிக்கடி ஓடி நிற்காமல் இருக்க இடைவெளியும் வைத்திருக்கிறார்.

நீங்கள் வேட்டி முறையை அங்கே முயலவேண்டாம். கோடையில் இங்கே காற்று பல நாள் வறண்டிருப்பதால்தான் அது பலிக்கிறது. கடல்காற்றில் நம் ஊரில் ஐப்பசி மாதம் கொடியில் போட்ட வேட்டியே காய்வதில்லை. அதோடு, மரத்திலிருந்து இறங்கும் முன்பே புளிக்கத் தொடங்கும் கள்ளுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?

ஊரிலிருந்து யாராவது வந்தால் நாலு முழத்தில் இரண்டு கொடுத்தனுப்புங்கள். கட்டிக்கொள்ள அவரிடம் ஒன்றுகூட மிச்சமில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகன்