பந்து நகரவில்லை, பல்கலைக்கழகம் நகர்ந்தது

ஒலக்கூருக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் மாவட்டம் முடிந்துவிடும். தொழுப்பேடு வந்தால் செங்கல்பட்டு மாவட்டம். இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு எல்லைக்கோடு சின்ன வயதிலேயே பழகிப்போகிற சமாச்சாரம். நான் பிறந்தபோது எங்கள் ஊர் தென்னாற்காடு. 1993-ல் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997-ல் தலைவர்கள் பெயரையெல்லாம் மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது வெறும் விழுப்புரம். 2019-ல் கள்ளக்குறிச்சி தனியாகப் போனபின், மிச்சமிருந்த விழுப்புரம். இத்தனைக்கும் நாங்கள் வீட்டைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

கல்லூரியில் பந்து ஆடுகிறவனுக்கு மாவட்டம் பெரிய விஷயமில்லை. அவனுக்கு முக்கியம் பல்கலைக்கழகம். தன் கல்லூரி எதில் இணைந்திருக்கிறதோ, அதில் இணைந்த மற்ற கல்லூரிகளோடுதான் அவனுக்கு இன்டர்-காலேஜ் ஆட்டம். அதில் தேறியவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி. அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கேயும் தேறினால் சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பைக்கு மோதலாம். இணைப்பை மாற்றினால் எதிரிகளும் மாறிவிடுவார்கள். பல்கலைக்கழக மசோதா கொண்டுவருகிறவர்கள் லெஃப்ட் பேக்கைக் கலந்து பேசுவதில்லை.

1984-ல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது எல்லாரும் சென்னைப் பல்கலைக்கழகம். திண்டிவனம், விழுப்புரம், கடலூர், செங்கல்பட்டு, வேலூர், புதுச்சேரி என்று எந்த ஊர்க் கல்லூரிக்காரனைக் கேட்டாலும் 1857-ல் ஆரம்பித்த அந்த ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் சொல்வான். ஆட்டம் என்றால் காலையில் மீட்டர் கேஜ் பாசஞ்சர். ஒலக்கூரில் நான் ஏறுவதற்குள் திண்டிவனத்துப் பையன்கள் ஜன்னல் சீட்டையெல்லாம் பிடித்திருப்பார்கள். தொழுப்பேடு, அச்சிறுபாக்கம், மதுராந்தகம், படாளம் என்று நின்று நிதானித்து வண்டி செங்கல்பட்டு போய்ச் சேரும். பதினோரு பேருக்கு ஒன்பது ஜோடி பூட்ஸ். கோல் கீப்பரும் லெஃப்ட் பேக்கும் வெறுங்கால். அந்த லெஃப்ட் பேக் நான். டி.ஏ. பணம் பி.டி. மாஸ்டரின் சட்டைப் பையில் இருக்கும். போகும்போது இட்லி. ஜெயித்தால் திரும்பும்போது பிரியாணி, தோற்றால் டீயும் பன்னும். எங்கள் கல்லூரியின் விளையாட்டு வரலாற்றில் பன்னின் பங்கு கணிசமானது.

செங்கல்பட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்து ஊர்க்காரன் என்பதே போதுமான காரணமாக இருந்தது. அவர்கள் மைதானத்தில் ஆடினால் ரெஃப்ரீ அவர்கள் ஆள் என்போம். எங்கள் மைதானத்தில் ஆடினால் மைதானமே எங்கள் ஆள் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. கோல் போஸ்ட்டுக்கு முன்னால் எது மேடு, எது பள்ளம் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டம் முடிந்தால் எல்லாருக்கும் அதே பாசஞ்சர்தான். அவர்கள் அணியிலிருந்த மதுராந்தகத்துப் பையன்களும் அச்சிறுபாக்கத்துப் பையன்களும் எங்கள் பெட்டியிலேயே ஏறுவார்கள். அடிபட்ட காலை அடித்தவன் மடியிலேயே நீட்டிக்கொண்டு தூங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரிக்காரர்கள் வேறு ரகம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கமோ என்னவோ, பந்து அவர்கள் காலைவிட்டுப் பிரியாது. அவர்களோடு மோதும் நாளில் எங்கள் லட்சியம் ஜெயிப்பதல்ல, அவர்கள் போடும் கோல் கணக்கை ஒற்றை இலக்கத்தில் நிறுத்துவது. 1985-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டுப் புதுச்சேரிக்கென்று ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கியது. அந்த ஊர்க் கல்லூரிகள் அதில் போய்ச் சேர்ந்தன. பேராசிரியர்கள் இதை உயர்கல்வி வளர்ச்சி என்றார்கள். எங்கள் கோல் கீப்பர் சாமிக்குத் தேங்காய் உடைத்தான்.

அடுத்த மாற்றத்துக்கு 2002 வரை காத்திருந்தோம். வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டக் கல்லூரிகள் அதற்குப் போயின. அதற்குள் நான் பக்கத்தில் ஒரு பள்ளியில் பி.இ.டி. வாத்தியார். என்னிடம் பந்து பழகிய பையன்கள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்குச் சென்னைக்கு ரயில் இருந்தது. இவர்களுக்கு வேலூருக்கு வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு வழியாக பஸ். பிறகு பல்கலைக்கழகம் காட்பாடிப் பக்கம் சேர்க்காட்டுக்குப் போனது. பையன்கள் முதல் பாதி ஆட்டத்தை பஸ்ஸிலேயே ஆடி முடித்துவிட்டுத்தான் மைதானத்தில் இறங்குவார்கள். செங்கல்பட்டோ அப்போது காஞ்சிபுரம் மாவட்டம் என்பதால் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டது. ஒலக்கூர் பிளாட்பாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் பழைய பல்கலைக்கழகத்தின் எல்லை. தெற்கே பார்த்தால் புதியதன் எல்லை. பல்கலைக்கழகம் மட்டும் மேற்கே இருந்தது. என்னிடம் பழகிய பையன்களுக்குச் செங்கல்பட்டோடு என்ன பகை என்பதே புரியவில்லை. நான் எடுத்துச் சொன்னால் சரித்திரப் பாடம் கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொள்வார்கள்.

அதுவரை மாற்றங்களுக்கிடையே பதினைந்து, இருபது வருஷ இடைவெளி இருந்தது. ஒரு பகை ஊறுவதற்கு அவ்வளவு காலமாவது வேண்டும். 2020 மார்ச்சில் கல்லூரிகளைப் பூட்டினார்கள். பாசஞ்சர் நின்றது. மைதானத்தில் நெருஞ்சி முளைத்தது. ஆகஸ்டில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், கடைசி செமஸ்டர் தவிர மற்ற அரியரெல்லாம் பாஸ் என்று அறிவித்தார். பையன்கள் அவருக்கு நன்றி சொல்லி பேனர் வைத்தார்கள். எங்கள் செட்டில் கல்யாணத்துக்குப் பிறகும் அரியர் எழுதப் போனவர்கள் உண்டு. அவர்கள் அந்த பேனர்களை நின்று படித்துவிட்டுப் பெருமூச்சோடு நகர்ந்தார்கள்.

ஊரே அடங்கிக் கிடந்த அந்த நேரத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவை இரண்டு: வைரஸ், எல்லைக்கோடு. 2020 மார்ச்சில் அறிவித்த மயிலாடுதுறை மாவட்டம் டிசம்பரில் 38-வது மாவட்டமாகத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் எங்கள் முறை வந்தது. சட்டசபை அப்போது இடைவெளிவிட்டு உட்காருவதற்காகக் கலைவாணர் அரங்கத்தில் கூடிக்கொண்டிருந்தது. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம் அமைக்கும் மசோதா அங்கே நிறைவேறியது. விழுப்புரம் எம்.எல்.ஏ.வாகவும் சட்ட அமைச்சராகவும் இருந்த சி.வி.சண்முகம் இதில் முன்னின்றார். துணைவேந்தர் வந்தார், பெயர்ப்பலகை வந்தது. எனக்கு உள்ளபடியே சந்தோஷம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் 40 கிலோமீட்டருக்குள். என் ஆயுளில் முதல் தடவையாகப் பல்கலைக்கழகம் எங்களைத் தேடி வந்திருந்தது.

மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31 அன்று, அதே கலைவாணர் அரங்கத்தில், உயர்கல்வி அமைச்சர் க.பொன்முடி கொண்டுவந்த மசோதாவில் ஜெயலலிதா பல்கலைக்கழகம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. பெயருக்குத்தான் ஆரம்பித்தார்கள், பணம் ஒதுக்கவில்லை என்றது அரசு. காழ்ப்புணர்ச்சி என்ற அ.தி.மு.க. உறுப்பினர்கள், வெளிநடப்பு செய்து வாலாஜா சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். கொண்டுவர முன்னின்றவரும் எங்கள் மாவட்டத்துக்காரர், எடுத்தவரும் எங்கள் மாவட்டத்துக்காரர். வெளியூர்க்காரன் செய்த சதி என்று திட்டுகிற ஆறுதல்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எங்களுக்குப் புதியதல்ல. 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. வெளிக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளாமல் சிதம்பரத்தில் தன் வளாகத்தோடு இருந்து பழகியது. எங்கள் தெருவுக்கு அது தபாலில் வரும். தொலைதூரக் கல்வியில் அங்கே பட்டம் வாங்கிச் சம்பள உயர்வு வாங்கிய வாத்தியார்கள் எத்தனையோ பேர். இப்போது விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களோடு, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திடமிருந்த மயிலாடுதுறையும் அதன் கீழ் வந்தது.

நடுவில், ஜூலையில், டெக்சாஸிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். குரலே சரியில்லை.

“மாமா, அநியாயம் நடக்குது இங்க.”

கொரோனா சமாச்சாரமாக இருக்கும் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. “என்னாச்சு மாப்ள? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் ட்வெல்வ விட்டு எஸ்.இ.சி.க்குப் போறாங்க மாமா!”

அங்கே கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்று கூட்டுச் சேர்ந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அவர்கள் ஊர் ஃபுட்பாலை ஆடுகின்றன. ஆட்டத்தைக் காட்டும் உரிமையை டிவி கம்பெனிகள் பெரும் பணம் கொடுத்துக் கான்ஃபரன்ஸிடம் வாங்குகின்றன. கொரோனாவுக்காக 2020 ஆகஸ்டில் ஆட்டத்தை நிறுத்திய பிக் டென், செப்டம்பரிலேயே மனசு மாறிவிட்டது. இப்போது யார் எந்தக் கூட்டில் சேர்ந்தால் லாபம் என்று கணக்குப் பார்க்கிற காலம்.

“பிக் ட்வெல்வ்ல எத்தன காலேஜ்?”

“பத்து மாமா.”

“பிக் டென்ல?”

“பதினாலு.”

“நல்லாத்தான் எண்ணுறாங்க. எங்க காலேஜும்தான் மாறுது.”

“அப்படியா! டிவிக்காரன் எவ்ளோ குடுக்கறான்?”

“டிவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேருக்காக மாறுது.”

மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பணத்துக்காகப் பகையை விற்கிற ஊரில் இருப்பவனுக்கு, சும்மாவே விட்டுக்கொடுக்கிற ஊரைப் புரியவைப்பது கஷ்டம்.

இத்தனை மசோதாவும் மாநாடும் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ஊரில் உண்மையிலேயே கால்பந்து நடந்தது. மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில், நாலு மூங்கிலை நட்டு. சென்னையில் படித்தவன், புதுச்சேரியில் படித்தவன், திண்டிவனத்தில் படித்தவன், இன்ஜினீயரிங் படிக்க எங்கெங்கோ போனவன் எல்லாரும் வீட்டில் அடைபட்டிருந்தார்கள். காலையில் ஆன்லைன் கிளாஸுக்குச் சிக்னல் தேடித் தண்ணீர் டேங்க் பக்கம் ஒதுங்குவார்கள். சாயங்காலம் கொல்லைக்கு வந்துவிடுவார்கள். பாஞ்சாலத்துப் பையன்களும் கரசங்கால் பையன்களும் சைக்கிளில் வந்தார்கள். 1985-ல் பாராளுமன்றம் பிரித்ததையும் 2002-ல் சட்டசபை பிரித்ததையும் ஒரு மல்லாட்டைக் கொல்லை சேர்த்துவிட்டது. சைக்கிள் மிதித்து இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிற தூரம் எதுவோ அதுதான் அவர்களுக்கு மண்டலம். போலீஸ் ஜீப் வந்தால் மட்டும் இரண்டு அணியும் ஒரே திசையில் ஓடும். நான் பி.இ.டி. வாத்தியாராக இருந்த காலமெல்லாம் வரவழைக்க முடியாத வேகம் அது.

அந்தக் கொல்லையில் ஆடிய ஒரே பெண், தம்பி மகள். எங்கள் காலத்தில் கல்லூரிப் பெண்களுக்கு ஃபுட்பால் என்ற பேச்சே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் ‘அந்தக் காலம்’ என்று நான் வாயைத் திறப்பதில்லை. 2021-ல் ப்ளஸ் டூ பரீட்சையே இல்லை. ஜூலை 19 அன்று எல்லாரும் பாஸ். அவள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது விழுப்புரத்துப் பல்கலைக்கழகம் சட்டப்படி உயிரோடு இருந்தது. வகுப்புக்குப் போனபோது சிதம்பரம். அதே கல்லூரியில் சீனியராக இருந்த அவள் அண்ணனுக்கு வேலூரிலிருந்து மார்க் ஷீட் வந்தது.

“பெரியப்பா, ஒரே வீடு, ஒரே காலேஜ், ஒரே கிரவுண்டு. நானும் அண்ணனும் வேற வேற யுனிவர்சிட்டியா?”

“ஆமாம்மா.”

“அப்ப விழுப்புரம் யுனிவர்சிட்டி?”

“அது சீசன் தொடங்கறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுச்சு.”

டெக்சாஸும் ஓக்லஹோமாவும் 2024-ல் எஸ்.இ.சி.க்குப் போய்ச் சேர்ந்தன. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகள் நியூ ஜெர்சிக்காரர்கள் இருக்கும் பிக் டென்னுக்குப் போக, அதில் இப்போது பதினெட்டுக் கல்லூரிகள். மாப்பிள்ளை இதையெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். ஒரு ஆட்டத்துக்காக இவ்வளவு தூரம் பறப்பது பைத்தியக்காரத்தனம் என்பது அவன் கட்சி.

நான் அவனுக்கு எங்கள் ஊர்க் கணக்கைச் சொன்னேன். திண்டிவனத்திலிருந்து மயிலாடுதுறை சுமார் 160 கிலோமீட்டர், அது உள்ளூர் ஆட்டம். செங்கல்பட்டு சுமார் 65 கிலோமீட்டர், அது வெளிப் பல்கலைக்கழகம். அந்த ஊர்ப் பெண்களோடு ஒரு மேட்ச் ஆட வேண்டும் என்பது தம்பி மகளுக்கு ஆசை. ரயிலில் பார்த்துப் பார்த்துப் பழக்கமாம், பகையும் லேசாகத் தொடங்கியிருக்கிறதாம். முறைப்படி அது நடக்க வழி இருக்கிறது. இவள் அண்ணாமலை அணிக்குத் தேர்வாக வேண்டும், அவர்கள் சென்னை அணிக்குத் தேர்வாக வேண்டும். பிறகு இரண்டு அணிகளும் தென்மண்டலப் போட்டிக்கு, அந்த வருஷம் அதை நடத்துவது கோழிக்கோடு என்றால் கோழிக்கோட்டுக்கு, ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். அங்கே குலுக்கலில் இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்தால், பக்கத்து ஊர்க்காரியைப் பார்த்து ஒரு டாக்கிள் போடலாம்.

“இதுக்கு எங்க ஊர்ல கோடி கோடியா பணம் குடுக்கறாங்க மாமா” என்றான்.

“நாங்க இலவசமாவே பண்றோம் மாப்ள” என்றேன்.