ஹார்ட் டிஸ்க் இலக்கணம்

பாயிரம்

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பார் நன்னூல் செய்த பவணந்தியார். டிஸ்க் கெட்டவருக்கு அவ்வளவு பொறுமை இராது என்பதால் இங்கே மூன்றே. எல்லை: சென்னையில் வடக்கே ரிச்சி தெரு, தெற்கே அடையாறு, கிழக்கே சாந்தோம், மேற்கே மாம்பலம் ரயில் நிலையம். கேட்போர்: எட்டு வயது தாண்டிய லேப்டாப்பை இன்னும் "புதுசு மாதிரிதான் இருக்கு" என்போர். பயன்: பேத்தியின் காதுகுத்துப் போட்டோ.

தொல்காப்பியர் எழுத்து, சொல், பொருள் என மூன்றாகப் பகுத்தார். ஹார்ட் டிஸ்க் கெடுவதும் இம்மூன்றுள் அடங்கும். எந்த அதிகாரத்து நோய் என்று தெரியாமல் மருந்து கொடுப்பதே பெரும்பாலான டிஸ்க்குகளின் சாவுக்குக் காரணம் என்க.

எழுத்ததிகாரம்

டிஸ்க்கின் எழுத்தாவது செக்டர். பழைய டிஸ்க்குகளில் 512 பைட், பின்னாளில் 4096 பைட். செக்டர் படிக்க முடியாமல் போவது எழுத்துக் கேடு. ஒன்றிரண்டு கெட்டால் டிஸ்க்கே உள்ளிருக்கும் உதிரி செக்டரை அதனிடத்தில் வைத்துவிட்டுக் கணக்கெழுதிக்கொள்ளும், வீட்டாருக்குச் சொல்லாது. அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து பார்க்கலாம். நீலம் நலம், மஞ்சள் கவலை, சிவப்பு காரியம்.

நிறத்தோடு நில்லாமல் நான்கு வரிகளைப் படிக்க. 5ஆம் எண் வரி மாற்றப்பட்ட செக்டர்கள்; 197 சந்தேகத்தில் காத்திருப்பவை; 198 கைவிடப்பட்டவை; 199 டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த தடவைகள். 5ஆம் வரி ஏறாமல் நின்றால் டிஸ்க் சில காலம் ஓடும். வாரந்தோறும் ஏறினால் ஓடாது. 199 பெரும்பாலும் டிஸ்க்கின் குற்றமன்று, நடுவிலுள்ள மெல்லிய கேபிளின் குற்றம். கேபிளை மாற்றியபின் அந்த எண் இறங்காது, ஏறாமல் நின்றாலே குணம். அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டுவது வழக்கம். 10 என்றிருந்தால் பதினாறு என்று கொள்க.

சொல்லதிகாரம்

எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறதென்ற அட்டவணை குலைவது சொல் கேடு. பேட்டரி செத்த லேப்டாப் சார்ஜர் உயிரில் ஓடும். அட்டவணையைப் பாதி எழுதும்போது கரண்ட் போனால் மீதி அந்தரத்தில். 2012இல் சென்னையிலேயே தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம் இவ்வதிகாரத்தின் பொற்காலம். அடையாளம்: "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்க.

இதற்கு மருந்து செக்டிஸ்க். அதில் எஃப் என்ற விகுதி அட்டவணையை மட்டும் திருத்தும். ஆர் என்ற விகுதி டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராகப் படித்துப் பார்க்கும்; மணிக்கணக்கில் ஆகும். 197 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு ஆர் கொடுப்பது நெஞ்சுவலிக்காரரைக் கபாலி கோயில் மாடவீதி நாலும் ஓடவிட்டுப் பரிசோதிப்பது போலாம். எழுத்து நோய்க்குச் சொல் மருந்து ஆகாது.

பொருளதிகாரம்

பொருளாவது தட்டு, மோட்டார், ஹெட், போர்டு. இரண்டரை அங்குல டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதன் ஓரம் மணிக்கு 66 கிலோமீட்டர் வேகம், அண்ணா சாலை பகலில் காணாதது. ஹெட் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். இவ்வதிகாரத்து நோயைக் காதால் அறிக. "டக்... டக்... டக்..." என்றால் ஹெட் தன் இடம் தெரியாமல் போய்ப்போய்த் திரும்புகிறது. மெல்ல முனகிச் சுற்றாமல் நின்றால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் போர்டைச் சந்தேகிக்க. மூன்றுக்கும் முதலுதவி ஒன்றே: சுவிட்சை அணை.

ஃப்ரீசரில் வைக்கும் பாட்டி வைத்தியம் சென்னைக் காற்றுக்கு ஒவ்வாது. வெளியே எடுத்ததும் தட்டில் வியர்க்கும். ரிச்சி தெருவில் அதே மாடல் போர்டு வாங்கிப் பொருத்துவதும் பெரும்பாலும் பலிக்காது; அந்தந்த டிஸ்க்கின் அளவுத் திருத்தங்கள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும், சிப்பையும் பெயர்த்து வைக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் வந்ததுபோல் வெள்ளம் வந்தால், டிஸ்க்கில் காற்றுக்கென விட்ட சிறு துளை வழியே நீர் புகும். வெயிலில் காயவைத்தால் சேறு தட்டில் இறுகும். ஈரத்தோடே, சுத்த அறை உள்ள மீட்பு நிலையத்திடம் கொடுக்க.

படியெடுப்பியல்

நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது: "மாமி, டேட்டா வேணுமா, லேப்டாப் ஓடினா போதுமா?" இரண்டும் வேண்டும் என்பது பதிலாகாது, எது முதலில் என்பதே கேள்வி. டேட்டா என்றால் பழுதுபார்க்குமுன் படியெடுக்க வேண்டும். ஓலைச்சுவடி நம் வெயிலிலும் கரையானிலும் சில நூறாண்டு தாங்கினால் அதிகம். சங்கப் பாட்டு நம்மிடம் வந்தது படிக்குப் படி எடுத்தவர்களின் கைவலியால். அப்படியும் புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை; 1894இல் அதைப் பதிப்பித்த உ.வே.சா. இல்லாததை எழுதி நிரப்பவில்லை. டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இந்தப் பதிப்புநெறிப்படி நடப்பது. எளிதில் வருவதை முதலில் அள்ளும். அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும். செக்டிஸ்க்கை அந்தப் பிரதியின் மேல் ஓட்டுக, மூலத்தைத் தொடாதே.

மாணாக்கர் இயலும் புறனடையும்

நன்னூல் மாணாக்கரை முதல், இடை, கடை என வகுத்து, அன்னத்தை முதலிலும் கிளியை இடையிலும் ஓட்டைக்குடத்தைக் கடையிலும் வைக்கும். டிஸ்க் நலமாக இருக்கும்போதே மாதம் ஒருமுறை படியெடுப்பவர் முதல். "டக்" கேட்டதும் எடுப்பவர் இடை. "டக்" கேட்டதும் லேப்டாப்பைத் தட்டுபவர் கடை.

எஸ்எஸ்டி இம்மூன்று அதிகாரத்துள் முழுதும் அடங்காது. சுற்றாது, முனகாது, பல நேரம் சொல்லாமலே போகும். பழைய லேப்டாப்புக்கு அதைப் பொருத்தினால் இளமை திரும்பும் என்பது மெய்யே. ஆனால் காதுக்கு வரும் எச்சரிக்கை போய்விடுவதால் அங்கே இடை மாணாக்கருக்கு இடமில்லை. பேக்கப் டிஸ்க்கையும் லேப்டாப்பையும் ஒரே பையில் போட்டு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறுபவர் ஒருவர் உண்டு; அவருக்குரிய உவமை நன்னூலில் இல்லை.