மாநாட்டு ஆலோசகர்

வீடியோ கேம் மாநாட்டு ஆலோசகர் என்பவர் கேம் தொழிலில் பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தவர். அல்லது அப்படி உழைத்தவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர். மாநாட்டில் யார் பேசலாம், எதைப் பேசலாம், எத்தனை நிமிடம் பேசலாம் என்று முடிவு செய்யும் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நுழைவு அட்டை, கழுத்தில் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்ட நிறத்தில் ஒரு பட்டை, நிகழ்ச்சிப் புத்தகத்தில் வட்டத்துக்குள் அடைத்த முகம் ஆகிய மூன்றுமே ஊதியம்.

மலேசியாவின் பாசிர் பெனம்பாங், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தாருக்கு இந்தப் பதவி புதிதல்ல. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளருக்குக் கீழே ஆலோசகர்கள் என்றொரு பட்டியல் இருக்கும். செயலவையைவிட நீளமானது அதுதான். பழைய தலைவர்கள், தேர்தலில் தோற்றவர்கள், பந்தலுக்குப் பணம் கொடுத்தவர்கள், விட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடியவர்கள் எல்லாருக்கும் அங்கே இடமுண்டு. தேர் திரும்பும்போது அவர்கள் பக்கத்தில் நின்று ‘இடப்பக்கம், இடப்பக்கம்’ என்று கை காட்டுவார்கள். வடம் பிடிப்பவர் வேறு. கேம் மாநாட்டு ஆலோசகரும் இதே வம்சம்தான். வேட்டி மட்டும் போய்க் கறுப்பு டீ-சட்டை வந்திருக்கிறது.

இந்தப் பதவி இல்லாமலேதான் இத்துறையின் பெரிய மாநாடு பிறந்தது. 1988இல் கிறிஸ் கிராஃபோர்ட் என்ற அமெரிக்க கேம் வடிவமைப்பாளர், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் தம் வீட்டுக் கூடத்தில் இருபத்தைந்து பேர் அளவில் கூட்டி உட்கார வைத்தார். யாரைப் பேச விடுவது என்ற சிக்கல் எழவில்லை. எல்லாரும் பேசினார்கள், கேட்பதற்குத்தான் ஆள் போதவில்லை. அந்தக் கூட்டமே வளர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டுதோறும் மார்ச்சில் கூடும் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் ஆயிற்று. சுருக்கமாக ஜி.டி.சி. 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் வந்து போனார்கள். 1990களின் தொடக்கத்தில் கிராஃபோர்ட் அதே மாநாட்டு மேடையில் ஏறி, தம் கனவை ஒரு டிராகனாக வருணித்து, கேம் தொழிலை விட்டுப் போவதாக அறிவித்து, கையில் வாளோடு அரங்கை விட்டு ஓடினார். இன்று ஒருவர் அப்படி ஓட விரும்பினால் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, அந்த ஓட்டத்திலிருந்து பார்வையாளர் கற்றுக்கொள்ளப்போகும் மூன்று பாடங்களையும் எழுதித் தர வேண்டும். வாளுக்குத் தனி அனுமதி.

ஆலோசகரின் மெய்யான வேலை வாசிப்பு. நிரலாக்கம், வடிவமைப்பு, ஓவியம், ஒலி, தயாரிப்பு, வணிகம் என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அத்துறையைச் சேர்ந்த ஆலோசகர்கள் உண்டு. வந்து குவியும் விண்ணப்பங்களில் சிறு பங்குதான் மேடைக்குப் போகும். ஜி.டி.சி.யில் முதல் சுற்றில் உரைச் சுருக்கத்தைப் பார்ப்பார்கள்; தேறியவர்கள் இரண்டாம் சுற்றில் ஸ்லைடு, ஒளிப்பதிவு போன்றவற்றைத் தர வேண்டும். இதையெல்லாம் ஆலோசகர் அலுவலக நேரத்தில் செய்ய முடியாது. அலுவலக நேரத்தில் அவருக்கு ஒரு கேம் தாமதமாகிக்கொண்டிருக்கும். ஆகவே பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறை மேசையில், ஆறிப்போன கோப்பியோடு உட்காருவார்.

முதல் பத்து விண்ணப்பங்களை அவர் நீதிபதிபோல் படிப்பார் என்று சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் கருத்து. முப்பதாவதில் ஒரு வரி. அறுபதாவதில் ‘ம்’. தொண்ணூறாவதில் கடைசி ஒரு மணி நேரமாக ஒரே விண்ணப்பத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயம் வரும். ஐயத்துக்குக் காரணம் இருக்கிறது. பாதி விண்ணப்பங்களின் தலைப்பில் ‘பயணம்’ என்ற சொல் இருக்கும். சிறு அணியின் பெரும் பயணம், கனவிலிருந்து கடைக்குப் பயணம், தோல்வியிலிருந்து வெற்றிக்குப் பயணம். யாரும் போக்குவரத்து நெரிசலைக் குறிப்பிடுவதில்லை.

அடுத்த பெரும்பகுதி மாறுவேடத்தில் வரும் விற்பனை. ‘எங்கள் மென்பொருளை வாங்குங்கள்’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும். ஆகவே ‘அணிகளின் காலவிரயம்: ஓர் ஆய்வு நோக்கு’ என்று எழுதுவார். நாற்பது ஸ்லைடில் முப்பத்தொன்பது காலவிரயத்தைக் கண்டித்து அழும். நாற்பதாவதில் நிறுவனத்தின் முத்திரை சிரிக்கும். அனுபவமுள்ள ஆலோசகர் கடைசி ஸ்லைடிலிருந்து படிக்கத் தொடங்குவார். பார்வையாளரின் ஒரு மணி நேரத்தை இவ்வாறு காப்பாற்றுவது பெரிய தொண்டு. ஆனால் நடக்காத உரைக்காக யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

முடிந்த கேமைப் பற்றிய உரைக்கு இத்தொழிலில் போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் கேமுக்கும் செய்வார்கள். எது சரியாக நடந்தது, எது கெட்டுப்போனது என்று இரண்டையும் சொல்வது மரபு. விண்ணப்பிப்பவர் முதல் பாதியை மட்டும் எழுதுவார். ஆலோசகர் இரண்டாம் பாதியைக் கேட்டு வாங்குவார். ‘மிகவும் கடினமாக உழைத்ததே எங்கள் குறை’ என்று பதில் வரும். திருப்பி அனுப்புவார். ‘அளவுக்கு மீறிய ஆர்வம்’ என்று மறுபடி வரும். நான்காம் முறை, ஓராண்டு வேலையைக் குப்பையில் போட்ட கதை மெல்ல வெளியே வரும். அந்த ஒரு கதைக்காகத்தான் அரங்கு நிறையும்.

மலேசியாவில் இந்த வேலைக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மலேசிய மின்னிலக்கப் பொருளாதாரக் கழகமான எம்டெக், 2010களின் நடுவிலிருந்து கோலாலம்பூரில் ‘லெவல் அப் கேஎல்’ என்ற கேம் மாநாட்டை நடத்தி வருகிறது. நாட்டில் ஆள் இல்லாமல் இல்லை. ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேண்டஸி 15’ அணியில் பணியாற்றிய வான் ஹஸ்மர் ஊர் திரும்பி 2017இல் மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்க, அதன் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ 2020இல் வெளிவந்தது. கைகான் கேம்ஸ், கைப்பேசித் திரைக்குள்ளேயே பயமுறுத்தும் ‘சிமுலாக்ரா’வை 2017இல் வெளியிட்டது. ‘பால்டர்ஸ் கேட் 3’ செய்த லேரியனுக்குக் கோலாலம்பூரில் ஒரு கிளை உண்டு. ஆனால் ஓவியர்களில் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்த வேலை செய்பவர்கள். ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ மறுபதிப்பில் லெமன் ஸ்கை ஸ்டூடியோவுக்குப் பங்குண்டு என்பதுபோல் வெளிப்படையாகச் சொல்லக்கூடியவை சில. வாய்ப்பூட்டு ஒப்பந்தத்துக்குள் கிடப்பவை பல. ஆகவே தேர்வுக் கூட்டத்தில் ஆலோசகருக்கும் ஓவியருக்கும் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படி அமையும்:

“என்ன கேம்ல வேலை செஞ்சீங்க?”

“சொல்லக் கூடாதுங்க.”

“என்ன வரைஞ்சீங்க?”

“ஒரு வாசல். எந்த வாசல்னு சொல்லக் கூடாது.”

“அதுல என்ன கத்துக்கிட்டீங்க?”

“ரகசியம் காக்கக் கத்துக்கிட்டேன்.”

அந்த உரை ‘வேலைமுறை மேம்பாடு: ஒரு பொதுப் பார்வை’ என்ற பெயரில் நிகழ்ச்சி நிரலில் ஏறும். மதிய உணவுக்குப் பிந்திய நேரம் அதற்கு ஒதுக்கப்படும்.

ஆலோசகர்களுக்குள்ளும் சாதி உண்டு. வணிகத் துறை ஆலோசகர் எந்த உரையைக் காட்டினாலும் ‘இதில் பணம் எங்கே வருகிறது?’ என்று கேட்பார். ஒலி வடிவமைப்பைப் பற்றிய உரையையும் விட்டுவைக்க மாட்டார். வெளிநாடு போய்த் திரும்பியவரின் ஒவ்வொரு வாக்கியமும் ‘நான் அங்கே இருந்தபோது’ என்று தொடங்கும். அங்கே கழிவறைகூட வேறு விதமாக வடிவமைக்கப்பட்டது என்பதைக் குழு மூன்றாம் கூட்டத்துக்குள் தெரிந்துகொண்டுவிடும். மூத்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். 1990களில் ஃப்ளாப்பி தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு அலைந்ததை இளையவர்கள் மதிக்கவில்லை என்பது அவர் குறை. கூட்டத்துக்கே வராமல், எல்லா முடிவும் எடுத்த பிறகு ‘நான் வேறு மாதிரி யோசித்தேன்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதுபவரும் உண்டு. இவர்களுக்கு நடுவே, வந்த விண்ணப்பம் எல்லாவற்றையும் படித்துவிட்டு வாயே திறக்காத ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். மாநாடு நடப்பது அவரால்தான்.

மாநாடு முடிந்த மறுநாள் வெளிநாட்டு ஆலோசகர்களைக் கடலுணவுக்கு அழைத்துப் போவது வழக்கம். அப்போதுதான் பாசிர் பெனம்பாங் இந்தத் துறையின் வரலாற்றில் நுழைகிறது. லத்தார் நெடுஞ்சாலையில் வந்து, கோல சிலாங்கூர் பாலத்தைக் கடந்தால் ஆற்றின் வடகரையில் மீனவக் கிராமம். நீரோரமாகச் சீன உணவகங்கள். வட்ட மேசையில் நண்டு வந்து இறங்கும்வரை ஆலோசகர் மௌனம் காப்பார். நண்டை உடைக்கத் தொடங்கியதும் ஆலோசனையும் உடைப்பெடுக்கும். கடை முதலாளியான தவுக்கேயிடம் மேசைகளின் வரிசை வாடிக்கையாளரின் அனுபவத்தைத் தடுக்கிறது என்பார். விலைப்பட்டியலில் முதல் ஐந்து பண்டங்கள் எளிதாக இருந்தால் புதியவர்கள் படிப்படியாக இறாலுக்கு முன்னேறுவார்கள் என்பார். தவுக்கே தலையாட்டிக்கொண்டே பில்லை எழுதுவார். அவர் கடை ஒவ்வொரு ஞாயிறும் நிரம்பி வழிகிறது; ஆலோசகரின் கடைசி கேம் அப்படி நிரம்பவில்லை.

இருட்டிய பின் கம்போங் குவாந்தானில் படகேற்றுவார்கள். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும் அபூர்வக் காட்சி அது. உலகில் சில இடங்களில்தான் காணக் கிடைக்கிறது. மற்ற பயணிகள் வாயடைத்து இருப்பார்கள். ஆலோசகர், ‘பொருத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் மின்னும் இடைவெளியைச் சற்றுக் கூட்டலாம்’ என்று குறிப்புச் சொல்வார்.

இவர்களைக் காரில் ஏற்றி வந்த தொண்டூழியத் தம்பி பெரும்பாலும் இந்தப் பக்கத்துப் பையனாக இருப்பான். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்த தென்னமரம் இதே வட்டாரம்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். தமிழ்க் குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்கு நகர்ந்தன. பிள்ளைகளில் சிலர் கிராபிக்ஸ் படித்துக் கோலாலம்பூர் ஸ்டூடியோக்களில் சேர்ந்தார்கள். அந்தத் தம்பியின் கைப்பேசியில் ஒரு டெமோ தயாராக இருக்கும். குழுவிலிருக்கும் தமிழ் ஆலோசகரை அவன் திரும்பும் வழியில் பிடிப்பான்.

“அண்ணே, ஒரு கேம் செஞ்சிருக்கேன். விடிகாலையில பால்மரக் காட்டுல நடக்கிற கதை. பாட்டியும் பேரனும்.”

“நல்லா இருக்கு தம்பி. ஆனா காட்ட எடுத்துட்டு நகரமா மாத்திடு. பாட்டிய ரோபோவா ஆக்கிடு. வெளிநாட்டுக்காரனுக்குப் புரியணும்ல?”

தம்பி ஓராண்டு உட்கார்ந்து மரத்தையெல்லாம் வெட்டி நகரம் கட்டுவான். அதற்குள் 2023 வந்துவிடும். டொராண்டோவின் விசை கேம்ஸ், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றி ‘வெண்பா’ என்ற கேமை அந்த ஆண்டு வெளியிட்டது. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து, விடுபட்டதை ஊகித்து, இட்லி அவிப்பதுதான் அதன் முதல் சவால். 2024 மார்ச்சில், ஜி.டி.சி. நடந்த அதே வாரத்தில் வழங்கப்பட்ட தனிப்படைப்பாளர் கேம் விழா விருதுகளில் தலைசிறந்த பரிசு அதற்குக் கிடைத்தது. அடுத்த மாதம் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுகப் படைப்பு என்று விருது தந்தது. ஆலோசகரிடமிருந்து தம்பிக்கு அன்றிரவே அழைப்பு வரும்.

“தம்பி, அந்தப் பால்மரத்தையெல்லாம் எங்க வெச்ச? திரும்ப நடு. பாட்டி இருக்காங்கல்ல? அவங்க கையில ஒரு இட்லித் தட்டக் குடு.”

இந்தத் திருப்பம் எல்லா நாட்டு ஆலோசகர்களுக்கும் நேர்ந்ததுதான். உள்ளூர் வாசனை கூடாது என்று இருபது ஆண்டு சொன்னவர்கள், உள்ளூர் வாசனை இல்லையே என்று ஒரே வாரத்தில் கேட்கத் தொடங்கினார்கள். இப்போது எந்தக் கதையைச் சொன்னாலும் அதில் ஒரு சமையலறை வைக்கச் சொல்கிறார்கள். விண்வெளிக் கேமிலும் நாசி லெமாக் வேகிறது. இதில் குற்றம் ஆலோசகருடையது மட்டுமன்று. எது ஓடும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் அவர் ஆலோசகராக இருக்க மாட்டார். கேமைச் செய்து விற்றுவிட்டு, வேறு ஆலோசகர்களுக்கு நண்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

எதைச் செய்ய வேண்டும் என்று அவர் சொல்வதில் பாதி தவறும். எதைச் சொல்லக் கூடாது என்று அவர் வெட்டுவதில் பெரும்பாலும் சரியாக இருப்பார். விற்பனை உரையை நிறுத்துவதும், பொய்யான அடக்கத்தைத் திருப்பி அனுப்புவதும், நடுங்கும் புதுப் பேச்சாளரின் ஸ்லைடை இரவில் உட்கார்ந்து திருத்திக் கொடுப்பதும் அவரால் ஆகிற காரியங்கள். ஆகவே பாட்டியையும் பால்மரத்தையும் பற்றி அவரிடம் கேட்க வேண்டியதில்லை. உரைச் சுருக்கத்தைத் திருத்தக் கேட்கலாம். கோல சிலாங்கூர் பக்கத்திலிருந்து விண்ணப்பிக்கும் இளையோரே, முதல் பத்தியிலேயே எது கெட்டுப்போனது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். தலைப்பில் ‘பயணம்’ வேண்டாம். ஆலோசகர் இரண்டாம் பத்திவரை வருவது அரிது.