விடுதலைப் பத்திரம்

பதினாறு வயதில் எனக்கு அழுகை சுலபமாக வரும். தேரிக்காட்டு ஊரில் மே மாதம் கன்வென்ஷன் கூட்டம் நடக்கும். கடைசிப் பாட்டு தொடங்கியதுமே பந்தலில் முழங்கால் போட்டுவிடுவேன். முட்டியெல்லாம் செம்மண். நரகத்தை நினைத்து விம்மி விம்மி அழுவேன். எந்தப் பாவத்துக்காக என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. மனசு லேசாகிவிடும், விடிந்தால் பழையபடி. அந்த அழுகை பொய்யில்லை. பயந்த பிள்ளையின் அழுகை.

இப்போது அறுபத்திரண்டு. என் பாவத்துக்குத் தேதியும் பத்திர எண்ணும் உண்டு.

அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. எனக்கு அது தெரியும், அக்காவுக்குத் தெரியாது. வரி கட்ட லேசாக இருக்கும் என்று சொல்லிப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப்போய் வீட்டில் அவள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அவள் கண்ணாடி கொண்டுவரவில்லை. பேனா வைக்க வேண்டிய இடத்தை நான்தான் விரலால் தொட்டுக் காட்டினேன். பெருவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓட்டலில் சாப்பாடு. “எனக்கு எதுக்குடே வீண் செலவு?” என்றாள்.

அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை. அவள் மகள் கல்யாணத்துக்குச் செய்தேனே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு லெந்து வெள்ளிக்கிழமை எங்கள் சபை ஐயர் 51ஆம் சங்கீதத்தை எடுத்தார். அதன் பின்னணியையும் சொன்னார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொல்ல, தாவீது ராஜா கொதிக்கிறான்; அது தன் கதை என்று தெரியாமல். எனக்கு முந்தானை மை கண்ணில் நின்றது. மலைப்பிரசங்கம் பாக்கியம் என்று சொல்லும் துயரம், செத்தவருக்காகத் துக்கிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்றும் அன்று ஐயர் சொன்னார்.

எங்கள் பக்கம் அதற்குத் துட்டி என்று பெயர். துட்டி வீட்டுக்காரன் தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. அவன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வருவார்கள். நான் இத்தனை வருஷமும் துட்டியை மறைத்து வைத்து, வருகிறவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். அன்று ராத்திரி சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு, அக்காவின் பேரையும் பத்திர எண்ணையும் ஆண்டவரிடம் சொன்னேன். கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் துட்டி கேட்க வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. விடிந்தும் அவர் எழுந்து போகவில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். நாலு மாசம் அவள் பேசவில்லை. அந்த நாலு மாசமும் வலித்தது. ஆனால் வந்தவர் கூடவே இருந்தார்.

பாதி வீட்டை அவள் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதினோம். இந்த முறை கண்ணாடி போட்டு, ஒவ்வொரு பக்கமாக வாசித்த பிறகுதான் பேனாவை வாங்கினாள்.