ஒரே தாளிப்பில் மணந்த கேலக்ஸி

கேள்வி: நட்சத்திரத்தின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?
பதில்: பெரும்பாலும் அது இருக்கும் நட்சத்திரக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்துத்தான். பளீரென்று நீலமாக எரியும் பெரிய நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அவை இருந்தால் கூட்டம் இளசு.

கேள்வி: ஆக்சிஜனும் உலோகமாமே?
பதில்: ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாமே வானியலாளர்களுக்கு உலோகம்தான். மூச்சுக்காற்றைப் போய் உலோகம் என்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

கேள்வி: குட்டி கேலக்ஸிகளில் தங்கம் இருக்குமா?
பதில்: ஆகா, கேட்டீர்களே! ரெட்டிகுலம் 2 என்று ஒன்று, 2015இல் அகப்பட்டது. மொத்த வெளிச்சமே சில ஆயிரம் சூரியன்களுக்குத்தான் வரும். இரும்புக்கே அங்கே பஞ்சம். ஆனால் ஆராய்ந்த 9 நட்சத்திரங்களில் 7இல் யூரோப்பியம், பேரியம் என்ற கனமான தனிமங்கள் கொட்டிக் கிடக்கின்றன! தங்கம் பிறக்கும் உலையில்தான் யூரோப்பியமும் பிறக்கிறது. அக்கம்பக்கத்துக் குட்டி கேலக்ஸிகளில் இந்தச் செழிப்பு இல்லை. ஆகவே எப்போதாவது நடக்கும் ஒற்றைச் சம்பவம் இது. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியிருக்கலாம். கல்யாண மண்டபத்தில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் தாளித்தால் யாருக்குத் தெரியும்? ஒற்றை அறை வீட்டில் தாளியுங்கள், பாய் தலையணை வரை மணக்கும்! ரெட்டிகுலம் 2 அந்த ஒற்றை அறை வீடு.

கேள்வி: இரும்புக்கு ஏன் பஞ்சம்?
பதில்: நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடித்து வீசும் சரக்கை இழுத்துப் பிடிக்கக் குட்டி கேலக்ஸியின் ஈர்ப்பு போதாது. பெரும்பகுதி வெளியே ஓடிவிடுகிறது.

கேள்வி: நான் தனுசு ராசி. தனுசு குட்டி கேலக்ஸி எனக்கு நல்லது செய்யுமா?
பதில்: செய்யாது.

கேள்வி: ஒரு கேலக்ஸி சிதைந்தால் அதன் கதையும் அழிந்துவிடுமா?
பதில்: அழிவதில்லை. அந்தத் தனுசு கேலக்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பால்வீதி அதைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது என்பது 1994இல்தான் தெரிந்தது. அதன் நெஞ்சில் இருக்கும் எம் 54 என்ற நட்சத்திரக் கொத்தை வானியலாளர் மெசியே 1778லேயே பார்த்துவிட்டார். அங்கே சுமார் 1,200 கோடி வயது நட்சத்திரங்களும் 200 கோடி வயது நட்சத்திரங்களும் கலந்தே வாழ்கின்றன. மூத்தவற்றில் இரும்பு மிகச் சொற்பம். இளையவற்றில் கிட்டத்தட்ட நம் சூரியன் அளவு. மூத்தவை வெடித்து விட்டுப்போன இரும்பு நடுவில் தேங்கிய வாயுவில் சேர்ந்து, பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. ஓரங்கள் பறிபோகும்போதும் நெஞ்சு இந்தக் கதையைக் காத்து வைத்திருக்கிறது. ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்தும் இப்படி எல்லாம் இழந்த ஒரு கேலக்ஸியின் நெஞ்சு என்றே பலர் கருதுகிறார்கள். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள், 17,000 ஒளியாண்டு தூரத்தில். மே மாத இரவில், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று தெற்கே பாருங்கள். வெறுங்கண்ணுக்கே மங்கலான பஞ்சுப் பொட்டாகத் தெரியும்.