கனடாவின் கதவு

கேள்வி: மகன் கனடாவில் படிக்க ஆசைப்படுகிறான். அங்கே கதவைச் சாத்திவிட்டார்களாமே? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: சாத்தவில்லை அம்மா, ஒருக்களித்து வைத்திருக்கிறார்கள். ஆள் நுழையலாம், மடி கனமாக இருந்தால்! 2023 வரை தனியாகப் போகும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்கு 10,000 டாலர் காட்டினால் போதும். 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது. அதே மாதம் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பும் வந்தது.

ஏன் இந்த இறுக்கம்? நாலு கோடிப் பேர் வாழும் நாட்டில் 2023 ஒரே வருஷத்தில் மக்கள்தொகை 12 லட்சத்துக்கு மேல் கூடியது. பிறந்தது குழந்தைகளல்ல, வந்து இறங்கியது பெட்டிகள்! பெரும்பங்கு தற்காலிக அனுமதியில் வந்த மாணவர்களும் தொழிலாளர்களும். வாடகை எகிறியது. பழி அந்தப் பிள்ளைகள் மேல் விழுந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளைப்போலப் பல மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்தவர்கள் தங்க இடத்தையும் யோசித்திருக்க வேண்டும்.

2025க்கு 5 லட்சம் என்றிருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கு 3,95,000 ஆகச் சுருங்கியது. 2026க்கு 3,80,000. ஆகவே, படித்தால் குடியுரிமை நிச்சயம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். படிப்பு முடிந்தபின் வேலை அனுமதியும் எல்லாப் படிப்புக்கும் கிடைப்பதில்லை. நிலத்தை அடகு வைக்குமுன், மகன் சேரும் படிப்புக்கு அது உண்டா என்று கனடா அரசின் விதிகளிலேயே பார்த்துவிடுங்கள்.