மேல படிக்கிறான்

கொழிஞ்சாம்பாறையில் பி.டெக் முடித்து வீட்டில் இருந்தால் ‘சும்மா இருக்கான்’. எம்.டெக் சேர்ந்துவிட்டால் ‘மேல படிக்கிறான்’. இந்த மரியாதைக்காகவே கேட் தேர்வு எழுதுகிறவர்கள் உண்டு. தேர்வு மூன்று மணி நேரம்; மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். அத்தைமார் கேள்வியை அத்தனை நாள் தள்ளிப்போட வேறு எந்த அரசாங்கக் காகிதத்தாலும் முடியாது.

பாலக்காட்டு ஐஐடி 2015-இல் வந்தபின் இதற்கு ஊரைவிட்டுப் போகவும் வேண்டியதில்லை. கேட் வழியாகச் சேர்ந்தால் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். அதே பையன் ஐடி வேலைக்கு வாளையாறு தாண்டி கோவை சரவணம்பட்டிக்கு பஸ் ஏறினால் சம்பளம் அதைவிடக் கொஞ்சம் கூடவே வரும். கூட வந்தது ஹாஸ்டலுக்கும் பரோட்டாவுக்கும் போய்விடும்.

குமுளிப் பக்கம் கணக்கே வேறு. போடி ஏலத்துக்கு அனுப்பாமல், விலை ஏறட்டும் என்று ஏலக்காயை மூட்டை கட்டி வைப்பார்களே, அந்த மாதிரி மகனை இரண்டு வருஷம் எம்.டெக்கில் வைக்கிறார்கள். சந்தை இறங்கினால்? ஏலக்காயையாவது பாயசத்தில் போடலாம்.

சிப் வடிவமைப்பு, ஆராய்ச்சி என்று போகிறவனுக்கு அந்தப் படிப்பு நிஜமாகவே கைகொடுக்கும். ஆப் எழுதப் போகிறவனிடம் அதை யாரும் கேட்பதில்லை. கண்டிப்பாகக் கேட்கிற இடம் ஒன்று உண்டு: பொறியியல் கல்லூரி ஆசிரியர் வேலை. அங்கே முதல் வகுப்பிலேயே ஒருத்தன் எழுந்து நிற்பான்.

“சார், எம்.டெக் பண்ணா வேலை கிடைக்குமா?”

“கிடைக்கும்டா. என் வேலை.”